வாசகர் கேள்வி பதில்: மூன்று கால் முள்ளெலிக்கு ஒரு மதில் வளவு

லண்டனிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இருக்கும் நம்மவர் சிலர், காயப்பட்டுக் கால் போன, கண் போன முள்ளெலிகளைத் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஏற்று வளர்க்கிறார்கள். அவர்களிடம் போய்வரும் யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் அங்கிருக்கும் பிள்ளைகளும் எழுதிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஊர் வளவைப் பற்றிய இரண்டு கேள்விகளும் இவற்றோடு வந்திருக்கின்றன.

கேள்வி: மகள் ஹரோவில் இருக்கிறாள். ஒரு காப்பகத்திலிருந்து மூன்று கால் முள்ளெலி ஒன்றை எடுத்துத் தோட்டத்தில் விட்டிருக்கிறாள். மே மாதம் போனால் ஐப்பசி வரை நான்தான் அதைப் பார்க்க வேண்டும். காட்டுப் பிராணியைக் காட்டில் விடாமல் ஏன் மதிலுக்குள் அடைக்கிறார்கள்? மனம் ஒப்பவில்லை. (வாசகி, கொக்குவில்)

உங்கள் மனம் ஒப்பாதது நியாயம். நான்கு காலும் சரியாக உள்ள முள்ளெலியை ஒருவரும் அடைத்து வைக்கக் கூடாது. ஓரிரவில் ஒன்று, இரண்டு கிலோமீற்றர் நடந்து இரை தேடும் பிராணி அது. எலி என்று பெயர் சொன்னாலும் எலி இனம் இல்லை. மூஞ்சூறுக்குக் கிட்டிய உறவு. வண்டு, மண்புழு, மயிர்க்கொட்டி தின்னும். முதுகில் 5000 தொடக்கம் 7000 வரை முள். ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டு பந்தாகிவிடும். நரியிடம் அது பலிக்கும். புல் வெட்டும் மெசினிடம் பலிக்காது. சுழலும் நைலோன் நூல் பற்றைக்குள் புகும்போது அது ஓடாமல் சுருளுவதால்தான் இத்தனை முள்ளெலிகள் கால் இழக்கின்றன. பந்து வலையில் கால் சிக்கி இரத்த ஓட்டம் நின்று அழுகுவது, நாய் கடிப்பது, எலிப்பொறி ஆகியவை மற்றக் காரணங்கள்.

முன்கால் போனால் மண்ணைக் கிளறவும் கூடு கட்டவும் முடியாது. பின்கால் போனால் அந்தப் பக்கத்துக் காதையும் விலாவையும் சொறிய முடியாது. உண்ணியும் சிற்றுண்ணியும் அங்கேயே குடியேறும். வெளியே விட்டால் முதல் சில வாரம் சமாளிப்பது போலத் தெரியும். பிறகு மெலியும், புழு பிடிக்கும், ஒருவர் கண்ணிலும் படாமல் சாகும். அதனால்தான் நாலு பக்கமும் அடைத்த தோட்டம் தேடுகிறார்கள். அங்கே அது வீட்டுப் பிராணியாக இருக்காது. இரவில் தானாக உலாவும், தானாகப் புழு தேடும், கையில் தூக்கிக் கொஞ்ச விடாது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மதிலை அடைத்த அன்றே, அது நடந்து தேடியிருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தண்ணீர் வற்றினால் வேறு தண்ணீர் தேடிப் போக அதற்கு வழியில்லை.

இரண்டு கால் இழந்தது, முதுகெலும்பு முறிந்தது போன்றவற்றை அங்குள்ள மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் நோகாமல் உறங்க வைத்துவிடுவார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் மனிதர் கைபட்டாலே பயந்து நடுங்கும் ஒரு காட்டுப் பிராணியைத் தினமும் தூக்கிக் கழுவி உயிரோடு வைத்திருப்பது அதற்கு இரக்கமாகாது என்பதே எங்கள் கருத்தும்.

கேள்வி: காப்பகத்தார் வந்து தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் முள்ளெலி தருவார்களாம். எதை எதைப் பார்ப்பார்கள்? எங்களுக்கு ஒரு பக்கம் செங்கல் மதில், மற்ற மூன்று பக்கமும் பலகை வேலி. (வாசகர், வெம்பிளி)

முதலில் நிலத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். நின்று பார்த்தால் வேலி முழுதாகத்தான் தெரியும். குனிந்து பார்க்கும்போதுதான் கீழே வெளிச்சம் தெரியும். 4 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எந்த இடுக்கையும் அடையுங்கள். பிரித்தானியாவில் முள்ளெலி போய்வர வேலிகளில் 13 சென்ரிமீற்றர்ச் சதுர ஓட்டை விடச் சொல்லி 2011 முதல் ஓர் இயக்கமே நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஊனமுற்றதை வைத்திருக்கும் தோட்டத்தில் அந்த ஓட்டை இருக்கக் கூடாது. முன்பு விட்டிருந்தால் செங்கல் வைத்து சீமெந்தால் அடையுங்கள். அயல்வீட்டுக்காரரிடமும் காரணத்தைச் சொல்லுங்கள்.

கூடுதலாகப் பிழை நடக்கும் இடம் கேற். கேற்றின் அடியில் மூன்று விரல் இடைவெளி எப்போதும் இருக்கும், ஏனென்றால் அது திறபட வேண்டும். அடிப்பக்கத்தில் தடித்த றப்பர்ப் பட்டி ஒன்றைத் திருகாணி போட்டு நிலத்தைத் தொடும்படி தொங்கவிடுங்கள். கேற் தானாக மூடும் ஸ்பிறிங் பிணைச்சலும் வேண்டும். தபால்காரர் திறந்து விட்டுப் போன ஒரு மாலை போதும்.

பலகை வேலியின் அடியில் மண் மெதுவாக இருந்தால் கம்பிவலையை 25 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். நிலத்துக்கு மேலே வலை விட வேண்டாம். முள்ளெலி வலையில் நன்றாக ஏறும். மூன்று காலோடும் ஏறும். இறங்கத் தெரியாமல் மேலிருந்து பந்தாகச் சுருண்டு விழும். ஏற்கனவே வலை வேலி இருக்கிறதென்றால் உட்புறத்தில் 50, 60 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வழுவழுப்பான பலகை அடியுங்கள். வேலியில் படரும் ஐவிக் கொடியும் அதற்கு ஏணிதான். அடியிலிருந்து அதே உயரத்துக்கு வெட்டி விடுங்கள்.

அடுத்தது தண்ணீர். சிறு தடாகம் இருந்தால் ஆழம் குறைந்த கரை ஒன்று வேண்டும், அல்லது சாய்வான பலகையில் குறுக்குச் சட்டம் அடித்து தண்ணீருக்குள் இறக்கி வைக்க வேண்டும். சாய்வு 30 பாகைக்கு மேல் போகக் கூடாது. முள்ளெலி நீந்தும், பின்கால் போனதால் முடியாதது கரையேறுவது. வாளி, நீர்த்தொட்டி, கான் மூடி எல்லாவற்றையும் பாருங்கள். மூடியில்லாத கானுக்குள் விழுந்தால் எழும்பாது.

கொட்டிலுக்குள் ஓடில்லா நத்தையைக் கொல்லும் பழைய மருந்து இருக்கிறதா என்று தேடுங்கள். மெற்றல்டிகைட் கலந்த குருணைகளைத் தோட்டத்தில் பயன்படுத்துவதற்கு 2022 ஏப்ரல் முதல் அங்கே தடை. ஆனாலும் பழைய பெட்டிகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன. எலி மருந்தும் கூடாது. மருந்து தின்ற பிராணியை இது தின்னும். விளையாட்டு வலை, அவரைக்குப் போடும் வலை எல்லாம் நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் சுருட்டிக் கட்டியிருக்க வேண்டும். தானாக ஓடும் புல்வெட்டி இருந்தால் வெயில் நேரத்தில் மட்டும் ஓடட்டும். சருகு எரிப்பதானால் குவித்த அன்றே, எரிக்கும் இடத்துக்குக் குவியலை மாற்றிவிட்டு எரியுங்கள். நாய் இருக்கிற வீட்டுக்கு ஊனமுற்ற முள்ளெலி வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும். பூனை பெரும்பாலும் கிட்டப் போகாது, சாப்பாட்டைத்தான் திருடும்.

கடைசியாகப் படிகள். 10 சென்ரிமீற்றர்ப் படி மனிதருக்குப் பெரிதில்லை, பின்கால் ஒன்று போனதுக்கு அது மதில். பக்கத்தில் அரைச் செங்கல் ஒன்று வைத்தால் போதும்.

கேள்வி: நான் தச்சு வேலை செய்தவன். லெஸ்ரரில் மகன் வீட்டில் இப்படி ஒரு முள்ளெலி வருகிறதாம். வீடு கட்டிக் கொடுக்க அளவு தாருங்கள். உள்ளே தென்னம் பொச்சு பரப்பலாமா? (வாசகர், சுன்னாகம்)

12 மில்லிமீற்றர் வெளிப்பாவனைப் பிளைவூட் எடுங்கள். அடிப்பலகை 60க்கு 40 சென்ரிமீற்றர். நீளப்பக்கம் இரண்டும் 60க்கு 30. குறுக்குப்பக்கம் இரண்டும் 42.4க்கு 30, பக்கங்கள் அடிப்பலகையின் வெளியே ஒட்டி நிற்கும். உட்தடுப்பு 40க்கு 28.8. கூரை 68க்கு 48, பிணைச்சல் போட்டுத் திறக்கக்கூடியதாக. அடியில் 2.5 சென்ரிமீற்றர்ச் சட்டம் இரண்டு, ஈரம் ஏறாமல் இருக்க.

உட்தடுப்பை ஒரு முனையிலிருந்து 18 சென்ரிமீற்றரில் நிறுத்துங்கள். சிறிய பக்கம் திண்ணை, பெரிய பக்கம் படுக்கை; படுக்கைக்கு ஏறக்குறைய 40க்கு 40 கிடைக்கும். வெளிவாசல் 13க்கு 13, முன் நீளப்பக்கத்தில் திண்ணையின் நேரே. உள்வாசலும் அதே அளவு, ஆனால் தடுப்பின் பின்மூலையில். இரண்டும் நேர்கோட்டில் வரக் கூடாது: பூனையின் கையும் குளிர்காற்றும் உள்ளே நேராக எட்டாமல் இருக்கத்தான் இந்த வளைவு. மேல் விளிம்புக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர்த் துளை நாலைந்து போடுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்காற்று குளிர்ந்து சுவர் வியர்க்கும், சருகு பூஞ்சணம் பிடிக்கும்.

மூன்று காலுக்காகச் செய்ய வேண்டிய மாற்றம் இரண்டு. வாசலின் கீழ் விளிம்பு அடிப்பலகையோடு சமமாக இருக்கட்டும், வாசற்படி வேண்டாம். அடிப்பலகை நிலத்திலிருந்து 3.7 சென்ரிமீற்றர் உயர நிற்பதால் 20 சென்ரிமீற்றர் நீளமான சாய்பலகை வைத்து, மேலே மெல்லிய சட்டங்களைக் குறுக்கே அடியுங்கள். ஈரத்தில் வழுக்காது. நிறப்பூச்சு வெளியே மட்டும், அதுவும் தண்ணீரில் கரைக்கும் வகை. உள்ளே ஒன்றும் பூச வேண்டாம். வாசல் வடக்கைப் பார்க்கக் கூடாது. பற்றை நிழலில், மதிலோடு ஒட்டி வையுங்கள். ஒரு முள்ளெலிக்கு இப்படி இரண்டு வீடு வேண்டும். ஒன்றில் தெள்ளு பெருகினாலோ நனைந்தாலோ மற்றதற்குப் போகும்.

பொச்சு வேண்டாம். நீளமான நார் காலைச் சுற்றி இறுகும். இருக்கிற காலில் ஒன்று அப்படிப் போனால் கதை முடிந்தது. நூல் பிரியும் பழைய துவாய், கம்பளி நூல் எல்லாம் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். உலர்ந்த சருகுதான் சிறந்தது, உள்ளங்கை அளவும் அதற்குச் சிறியதுமான இலைகள். நலமான முள்ளெலி சருகை வாயில் கவ்விக்கொண்டு வந்து, உள்ளே சுற்றிச் சுற்றிச் சுழன்று, ஓலை வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகச் சுவர் கட்டும். முன்கால் இல்லாதது அப்படி அடுக்காது. ஆகவே படுக்கையறையில் மூன்றில் இரண்டு பங்குக்கு நீங்களே சருகை அமுக்கி நிரப்பிவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் மழை நனையாமல் இன்னொரு குவியல் விடுங்கள்.

கேள்வி: வந்த விருந்தாளிக்குப் பாலும் பாணும் வைத்தால் என்ன? மிஞ்சிய சோறு, மீன் கறி தின்னாதா? (வாசகி, மானிப்பாய்)

தின்னும், அதுதான் பிரச்சினை. பால் அதற்குச் சமிக்காது. வயிற்றோட்டம் வந்து உடம்பு நீர் வற்றிச் சாகலாம். பாண் வயிற்றை நிரப்புமே தவிர சத்துக் கொடுக்காது. கறியில் உப்பு, தூள், வெங்காயம் எல்லாம் இருக்கிறது, வேண்டாம்.

இறைச்சி சேர்ந்த பூனை அல்லது நாய்ச் சாப்பாடு (குழம்பில்லாமல் கெட்டியாக இருப்பது) ஓரிரவுக்கு 80 தொடக்கம் 100 கிராம். அல்லது பூனை பிஸ்கற் 30, 40 கிராம். பக்கத்தில் தட்டையான, கனமான மண்சட்டியில் தண்ணீர், கோடையில் இரண்டு இடத்தில். பொழுது படும்போது வையுங்கள், விடிய மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பகலில் கிடந்தால் ஈ முட்டையிடும், எலி வரும்.

கடைகளில் முள்ளெலி படம் போட்டு விற்கும் உலர்ந்த மஞ்சள் புழு, கச்சான், சூரியகாந்தி விதை மூன்றையும் வாங்க வேண்டாம். அவற்றில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. உடல் அந்தக் குறையைச் சரிசெய்ய எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கும். எலும்பு மெலிந்து வளையும். புழுவுக்கு அது பைத்தியமாய் அலையும், வேறொன்றையும் தொடாது. மூன்று கால் தாங்கும் உடம்புக்கு எலும்பும் போனால் என்ன மிஞ்சும்?

இன்னொன்று, அன்பால் செய்யும் பிழை. அடைத்த தோட்டத்தில் அது இரண்டு கிலோமீற்றர் நடப்பதில்லை, ஆனால் கோப்பை ஒவ்வொரு இரவும் நிறைகிறது. கொழுப்பு வைத்தால் முழுதாகச் சுருள முடியாது. பந்தின் நடுவில் முகமும் காலும் வெளியே தெரியும். மிஞ்சிய கால் மூட்டு அந்தப் பாரத்தைத் தாங்காது. எப்போதும் ஒரே இடத்தில் கொட்டி வைக்காமல், பிஸ்கற்றில் பாதியைப் புல்லுக்குள் தூவிவிடுங்கள். மூக்கால் தேடி நடக்கட்டும்.

கேள்வி: கிழமைக்கு ஒருமுறை "செக்" பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். சுருண்டு கிடக்கும் பந்தில் எதைப் பார்ப்பது? (வாசகி, கொக்குவில், இரண்டாம் கடிதம்)

தடித்த தோட்டக் கையுறை, சமையல் தராசு, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் பெட்டி, ஒரு கொப்பி. இவ்வளவும் போதும். ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில், அது சாப்பிடுவதற்கு முன், மாலையில் செய்யுங்கள்.

முதலில் நிறை. வளர்ந்தது 600 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரை இருக்கும். இலக்கத்தைவிட முக்கியம் மாற்றம்: கோடையில் இரண்டு கிழமைக்குள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காப்பகத்துக்கு அறிவியுங்கள். ஒருநாள் நிறையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொப்பியில் தேதியோடு எழுதினால்தான் ஏற்ற இறக்கம் தெரியும்.

பிறகு அதைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் விட்டு மேசையில் வைத்துச் சத்தமில்லாமல் இருங்கள். ஐந்து நிமிடத்தில் விரிந்து நடக்கத் தொடங்கும். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழிருந்து பாருங்கள். வயிறு, பாதம், நகம், வெட்டிய இடம் எல்லாம் தெரியும். பலவந்தமாகப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை.

கால் போன பக்கத்துக் காதில்தான் முதலில் கண் வையுங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் தூளாகச் சொரசொரப்பாக இருந்தால் சிற்றுண்ணி. மருந்து மிருக வைத்தியர்தான் தர வேண்டும். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தை அளவு குறைத்துப் போடுவது ஆபத்து. உண்ணி ஓரிரண்டு இருப்பது வழமை. பத்துப் பதினைந்து ஏறியிருந்தால் அது உள்ளே வேறு நோயோடு இருக்கிறது. எண்ணெய் பூசியோ நெருப்புக் காட்டியோ உண்ணியை எடுக்க வேண்டாம்.

நகம். மிஞ்சிய பின்காலின் நகங்கள் சரியாகத் தேயாமல் வளைந்து உள்ளங்காலில் குத்தும். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் சொரசொரப்பான கொங்கிறீற் கல் பாதை இருந்தால் நடந்து நடந்து ஓரளவு தேயும். மிஞ்சினால் காப்பகத்தில் வெட்டுவார்கள். நீங்கள் வெட்டி இரத்தம் வர விடாதீர்கள். காலை அறுவை செய்தவர்கள் பொதுவாக மேலே தோள், இடுப்பு வரை எடுத்துவிடுவார்கள். குட்டையாக மிச்சம் விட்டால் முள்ளெலி அதை நிலத்தில் ஊன்றி ஊன்றிப் புண்ணாக்கும். அப்படி மிச்சம் உள்ளதானால் அந்த இடத்தை வாரா வாரம் பாருங்கள்.

மே முதல் செப்ரெம்பர் வரை ஈதான் பெரிய எதிரி. அரிசிக் குறுணல் போல வெள்ளையாக, கொத்தாக, காதுக்குள்ளும் கையிடுக்கிலும் வாயோரத்திலும் ஒட்டியிருந்தால் அவை ஈ முட்டைகள். ஒரு நாளுக்குள் புழுவாகிச் சதைக்குள் போகும். பழைய பல்துலக்கியால் அப்போதே சீவி எடுத்துவிட்டு, அன்றைக்கே கொண்டுபோங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

இருமல், மூச்சில் கறகறப்பு இருந்தால் நுரையீரல் புழு. நத்தை, மண்புழு தின்பதால் வருவது. இருமல் மருந்தால் போகாது. பச்சை நிறமாக வழுவழுப்பான மலம் இரண்டு நாள் தொடர்ந்தாலும் அறிவியுங்கள். பகலில் வெட்டவெளியில் அசையாமல் படுத்திருந்தால் அது "வெயில் காயவில்லை". கை வைத்துப் பாருங்கள். வயிறு குளிர்ந்திருந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயால் சுற்றி, விலகிப் போக இடம் விட்டு, காட்போட் பெட்டிக்குள் வைத்துக் காப்பகத்துக்கு எடுங்கள். சூடேறும் முன் தண்ணீரோ சாப்பாடோ வாயில் ஊட்டக் கூடாது. குளிர்ந்த வயிறு சமிக்காது.

முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கிருமியும் படர்தாமரையும் மனிதருக்குத் தொற்றும்.

கேள்வி: இரண்டு கண்ணும் தெரியாத முள்ளெலி தரலாம் என்கிறார்கள். மூன்று கால் உள்ளதை விட இது கஷ்டமா? (வாசகர், குரோய்டன்)

பெரும்பாலும் சுகம். கண்ணுள்ள முள்ளெலியே மூக்காலும் காதாலும்தான் வாழ்கிறது. ஒன்று மட்டும் கட்டாயம்: எதையும் இடம் மாற்றக் கூடாது. கோப்பை, வீடு, பூச்சட்டி, நாற்காலி எல்லாம் வைத்த இடத்திலேயே. முதல் சில நாட்களில் மதிலோரமாகச் சுற்றிச் சுற்றி வந்து தோட்டத்தை மனப்பாடமாக்கும். இரவு பகல் தெரியாததால் பகலிலும் வெளியே வரும். அதனால் ஈத் தொல்லை கூட. கிழமைக்கு ஒருமுறை என்றதை மூன்று நாளுக்கு ஒருமுறையாக்குங்கள். எப்போதும் ஒரே பக்கமாக வட்டமிட்டால் அது கண் கோளாறு இல்லை, தலையில் அடி; காப்பகத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கிறதே, துணைக்கு ஒன்று விடலாமா? (வாசகி, கோண்டாவில்)

வேண்டாம். தனித்து வாழும் இனம் அது. துணை இல்லையென்று ஏங்காது. ஆணும் ஆணும் அடிபடும், அதில் மூன்று கால் உள்ளது தோற்கும். ஆணும் பெண்ணும் விட்டால் ஏறத்தாழ ஐந்து கிழமையில் நாலைந்து குட்டி. அந்தக் குட்டிகளுக்கு நாலு காலும் இருக்கும்; அவற்றை மதிலுக்குள் வளர்ப்பது நியாயமில்லை.

கேள்வி: மார்கழியில் மகன் வீட்டுக்குப் போனேன். இருபது நாளாக முள்ளெலி வெளியே வரவில்லை. சாப்பாடு வைத்தது வைத்தபடி. செத்துவிட்டது என்று எனக்குப் பயம், மகன் நித்திரை என்கிறான். (வாசகர், காரைநகர்)

மகன் சொல்வது சரியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு பிராணியும் இப்படி மாதக்கணக்கில் உறங்குவதை நாம் பார்ப்பதில்லை. அதனால் பயம் இயல்பு. பூச்சி புழு இல்லாத குளிரில், கார்த்திகைக்குப் பக்கமாகத் தொடங்கிப் பங்குனி வரை, முள்ளெலி தன் அடுப்பை அணைத்துவிடுகிறது. நிமிடத்துக்கு 190 தடவை அடித்த இதயம் 20 அளவுக்குக் குறையும். உடம்புச் சூடு 35 பாகையிலிருந்து 10 வரைக்கும் கீழே போகும். மூச்சே நின்றது போல நெடுநேரம் கிடக்கும். இடையிடையே எழும்பி ஒரு சுற்று வந்து, சில வேளை வீடும் மாறி, மறுபடி உறங்கும். ஊனமுற்றதும் உறங்க வேண்டியதுதான். அதற்கு 600 கிராமாவது நிறை இருக்க வேண்டும்.

கூரையைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் பல நாளுக்குச் சேமித்த கொழுப்பு எரியும். வாசலில் ஒரு மெல்லிய குச்சியைக் குறுக்கே சாத்தி வையுங்கள். விழுந்திருந்தால் எழும்பிப் போய்வந்திருக்கிறது. அதற்காக ஒரு கைப்பிடி பிஸ்கற்றும் உறையாத தண்ணீரும் தினமும் இருக்கட்டும்.

கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும் என்றால், முள்ளை விரலால் இலேசாகத் தொடுங்கள். உறங்குவது இறுக்கமான பந்தாக இருக்கும், முள் மெதுவாகச் சிலிர்க்கும். இறந்தது தளர்ந்து விரிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் வடலிக்குள் முள்ளோடு ஒரு குட்டி கிடந்தது. முள்ளெலியா? பூனைச் சாப்பாடு வைத்தோம், தொடவில்லை. (வாசகர், சாவகச்சேரி)

இலங்கையில் முள்ளெலி இல்லை. தென்தமிழகத்தின் வறண்ட நிலங்களில் ஒரு சிற்றினம் உண்டு. அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்து இருமலுக்குக் கொடுக்கும் பழக்கத்தால் அது அங்கே பிடிபட்டு அழிகிறது. அதையும் பிரித்தானிய முள்ளெலியையும், கடைகளில் விற்கும் ஆபிரிக்கக் குட்டி முள்ளெலியையும் ஒன்றாக எண்ண வேண்டாம். ஆபிரிக்கச் சாதி குளிரில் உறங்கினால் எழும்பாது, தோட்டத்தில் விடவே கூடாது.

உங்களிடம் இருப்பது முள்ளம்பன்றிக் குட்டியாக இருக்கலாம். பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், முள் மெதுவாக இருக்கும், சில நாளில் விறைக்கும். அது கொறிக்கும் இனம். கிழங்கு, பட்டை, பழம் தின்னும். இறைச்சி தொடாததில் வியப்பில்லை. காயம் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே பொழுது படும்போது வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தாய் தேடும். காயம் இருந்தால் 1992 என்ற இலக்கத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கேள்வி: கலப்பை பட்டு ஓடு வெடித்த நட்சத்திர ஆமை ஒன்று. வளவில் மதில் கட்டி வைத்துப் பார்க்க விருப்பம். மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசினோம். (வாசகி, புத்தூர்)

விருப்பத்துக்கு நன்றி, ஆனால் அது சட்டத்தால் காக்கப்பட்ட இனம். இங்கிலாந்தில் காப்பகத்தார் பார்த்துத் தருகிறார்கள். இங்கே திணைக்களத்தின் அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். மேலே சொன்ன 1992க்கு இன்றைக்கே அறிவியுங்கள்.

அவர்கள் வரும்வரை எண்ணெயும் மஞ்சளும் வேண்டாம். எண்ணெய் மண்ணையும் கிருமியையும் வெடிப்புக்குள்ளேயே பூட்டிவிடும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு மட்டமாகக் கரைத்து, வெடிப்பின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். உள்ளே பஞ்சு திணிக்க வேண்டாம். சுத்தமான கோஸ் துணியால் மூடிக் கட்டுங்கள், ஈ வராது. காற்றோட்டமுள்ள காட்போட் பெட்டியில் பழைய பத்திரிகை விரித்து, நிழலில், எறும்பு ஏறாத உயரத்தில் வையுங்கள். தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. வெடிப்பு வழியே மூச்சு விடும்போது சதை அசைவது தெரிந்தால் உள்ளே ஆழமாகப் பட்டிருக்கிறது; யாரும் வரும்வரை காத்திராமல், அறிவித்துவிட்டு, நேரே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: கேற் திறந்திருந்து எங்கள் மூன்று கால் முள்ளெலி தப்பிவிட்டது. எப்படித் தேடுவது? (வாசகர், வெம்பிளி, பிந்திய கடிதம்)

முதல் இரவு தூரம் போயிருக்காது. முதலில் உங்கள் தோட்டத்துக்குள்ளேயே தேடுங்கள்; பெரும்பாலும் கொட்டிலின் அடியில் இருக்கும். பொழுது பட்டதும் ரோச் லைற்றோடு மதிலோரமாக மெதுவாக நடந்து, நின்று நின்று கேளுங்கள். சருகுக்குள் சரசரப்பும் மூக்கு ஊதும் சத்தமும் கேட்கும். அது தின்று பழகிய அதே சாப்பாட்டைக் கேற்றின் இரண்டு பக்கமும் வையுங்கள். கோப்பையைச் சுற்றிக் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவுங்கள். மூன்று பாதத் தடம் பதிந்தால் வேறு முள்ளெலியோ எலியோ இல்லை, உங்களுடையதுதான். இரண்டு பக்கத்து அயலவருக்கும் அன்றே சொல்லி, இரண்டு நாளுக்குப் புல் வெட்ட வேண்டாம் என்று கேளுங்கள். காப்பகத்துக்கும் உடனே அறிவியுங்கள், ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம்; யாரும் கண்டெடுத்தால் அவர்களிடம்தான் கொண்டுபோவார்கள். திரும்பக் கிடைத்ததும் நிறை பார்த்து, ஈ முட்டை பார்த்து, அதன் பழைய வீட்டுக்குள்ளேயே விடுங்கள். கேற்றின் ஸ்பிறிங்கை அதற்கு முன் மாற்றியிருக்க வேண்டும்.